வள்ளத்தை நாம் காவும் தூரம்

(முதன்முறையாக வள்ளப் பயணம் போக விரும்புவோருக்காக, ஸ்காபரோவில் ஏப்ரல் மாத மாலையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே இன்னும் குளிர் விடவில்லை. இந்த மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்து மூலையில் அழுக்குப் பனி குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்திருப்பீர்கள். இந்த நேரத்தில் ஏரியையும் கூடாரத்தையும் பற்றிப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அல்கோன்குவின் மாகாணப் பூங்காவின் உட்காட்டில் இரவு தங்குவதற்கான பதிவு, போகிற நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாகத் திறக்கிறது. செப்டம்பரில் தண்ணீரில் இருக்க விரும்புகிறவர்கள் ஏப்ரலில் முடிவெடுக்க வேண்டும்.

அல்கோன்குவினுக்குப் போனதுண்டா என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் கை உயர்த்துவீர்கள். ஒக்ரோபரில் இலை சிவக்கும்போது காரில் போய், 60ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, புளிச்சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். நானும் பத்து வருடம் அப்படித்தான் போய் வந்தேன். அந்த நெடுஞ்சாலை பூங்காவின் தெற்கு மூலையை 56 கிலோமீற்றர் தூரம் ஊடறுத்துப் போகிறது. பூங்காவின் மொத்தப் பரப்பளவு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே ஏறத்தாழ 2,400 ஏரிகள். அவற்றை இணைக்கும் வள்ளப் பாதைகள் மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல் வரும். கார்ச் சாலையிலிருந்து நாங்கள் பார்த்தது வாசற்படியை மட்டும்தான். உள்ளே போவதற்கு வள்ளம் வேண்டும்.

வள்ளம் என்று நான் சொல்வது இங்குள்ளவர்கள் கனூ என்று சொல்வதைத்தான். பதினாறு, பதினேழு அடி நீளம், இரண்டு முனையும் கூர், இரண்டு பேர் இரண்டு துடுப்பு. இந்த நிலத்தின் ஆதிக் குடிகளான அல்கோன்குவின் மக்களும் அவர்களுடைய உறவான மற்ற அனிஷினாபே மக்களும் பூர்ச்ச மரப் பட்டையை உரித்து, ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்து, அதே மரத்தின் பிசினால் ஓட்டை அடைத்துச் செய்த வடிவம் அது. இன்று கெவ்லர் என்ற இலேசான செயற்கை இழையில் வார்த்து எடுக்கிறார்கள். வடிவம் அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்றால், அந்த வள்ளம் நீரில் போவதற்காக மட்டும் செய்யப்பட்டதில்லை. தோளில் தூக்கி வைப்பதற்காகவும் சேர்த்துச் செய்யப்பட்டது.

இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் காடு இருக்கிறது. அந்தக் காட்டுக்குள்ளால் வள்ளத்தையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடைபாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். தூக்கிச் செல்வது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தோல் வியாபாரக் காலத்தில் பிரெஞ்சு வள்ளக்காரர்கள் தொண்ணூறு இறாத்தல் மூட்டை ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டை முதுகில் ஏற்றி, நெற்றியில் பட்டி கட்டி இப்படியான பாதைகளில் ஓடியிருக்கிறார்கள். எங்களுடைய குழுவில் முதல் பயணத்திலேயே ஒரு தம்பி இதற்கு “காவுபாதை” என்று பெயர் வைத்துவிட்டார். காவுதல் என்ற சொல் ஊரில் எங்கள் அம்மாமார் வாயில் நாள் முழுக்கப் புழங்கிய சொல். தண்ணீர் காவி வருவது, விறகு காவி வருவது. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. இனி நானும் காவுபாதை என்றே சொல்கிறேன்.

என்னுடைய முதல் பயணத்தைச் சொன்னால் திட்டமிடுவது எதற்காக என்று விளங்கும். மூன்று நண்பர்கள். ஒருவரும் அதற்கு முன்னர் ஏரியில் இரவு தங்கியதில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, விரலால் அளந்து, ஒரே நாளில் ஐந்து ஏரிகளைக் கடப்பதாக முடிவுசெய்தோம். விரலுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. அரிசி ஐந்து கிலோ, வெங்காயம் இரண்டு கிலோ, இரும்புத் தாச்சி, மடக்குக் கதிரை மூன்று, ஆளுக்கொரு தலையணை. வாடகைக்கு எடுத்தது அலுமினிய வள்ளம். முப்பது கிலோவுக்கு மேல். விலை குறைவு என்று எடுத்தோம்.

முதல் காவுபாதை ஆயிரத்து அறுநூறு மீற்றர். வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்து இருநூறு அடி நடப்பதற்குள் என் கழுத்து இறுகிவிட்டது. சாமான்களை ஒரே நடையில் கொண்டுபோக முடியாது என்று அங்கேதான் கண்டுகொண்டோம். வள்ளத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பைகளை எடுத்தோம். பிறகும் ஒரு பை மிஞ்சியது. மறுபடி வந்தோம். ஆயிரத்து அறுநூறு மீற்றர் எங்கள் கால்களுக்கு எட்டுக் கிலோமீற்றர் ஆனது. நாங்கள் பதிவுசெய்திருந்த ஏரிக்குப் போகும்போது இருட்டிவிட்டது. கைவிளக்கை அடித்துக்கொண்டு கரையோரமாகத் தங்குமிடம் தேடினோம். ஒவ்வொரு இடத்திலும் ஏற்கெனவே ஒரு கூடாரமும் நெருப்பும். கடைசியில் ஒரு முதிய தம்பதியர் தங்களுடைய இடத்தின் ஓரத்தில் எங்களைப் படுக்க விட்டார்கள். அந்த அம்மா எங்களுக்குச் சூடான சூப் தந்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் எங்கள் இரும்புத் தாச்சியை ஒரு தரம் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

அன்றைக்கு நடந்த பிழைகள் எல்லாம் வீட்டு மேசையில் நடந்த பிழைகள். ஏரியில் நடந்த பிழை ஒன்றுகூட இல்லை.

ஆகவே மேசைக்கு வருவோம். அல்கோன்குவினின் வள்ளப் பாதை வரைபடத்தில் ஏரிகளுக்கு நடுவே சிவப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஓர் எண். அது காவுபாதையின் நீளம், மீற்றரில். முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பு எண்ணை. ஏரியின் நீளத்தைப் பிறகு பாருங்கள். புதியவர்களுக்கு எந்த எண்ணையும் மூன்றால் பெருக்குங்கள் என்று சொல்வேன். ஒரு தரம் வள்ளத்தோடு போவது, ஒரு தரம் வெறுங்கையோடு திரும்புவது, இன்னொரு தரம் பைகளோடு போவது. 700 மீற்றர் என்றால் 2,100 மீற்றர். அதில் இரண்டு பங்கு சுமையோடு, வேரும் கல்லும் சேறுமான பாதையில். இறக்கி ஏற்றுவதோடு சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நீரில் போகும்போது, காற்று எதிர்க்காமல் இருந்தால் மணிக்கு நாலு கிலோமீற்றர் போகலாம். காற்று எதிர்த்தால் பாதி.

முதல் பயணத்துக்கு எந்தப் பாதை என்று எல்லோரும் கேட்பீர்கள். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே கனூ லேக் என்ற ஏரி. வாகனம் அங்கேயே நிற்கும். அந்த ஏரியை வடக்கு நோக்கிக் கடந்தால் ஒரு பழைய அணைக்கட்டு. அதைச் சுற்றிப் போக 295 மீற்றர் காவுபாதை, அகலமானது, நல்ல தரை. அதற்கு அப்பால் ஜோ ஏரி, ரீப்பி ஏரி, பிறகு லிற்றில் டோ, கடைசியில் ரொம் தொம்சன் ஏரி. அந்த ஒரு காவுபாதைக்குப் பிறகு வள்ளத்தைத் தூக்காமலே அதுவரைக்கும் போய்விடலாம். முதல் நாள் அங்கே போங்கள். இரண்டாவது இரவும் அங்கேயே தங்குங்கள். மூன்றாவது இரவுக்கு ரீப்பி ஏரி வரை திரும்பி வாருங்கள். நாலாம் நாள் காலை ஜோ ஏரியையும் அதே காவுபாதையையும் கனூ லேக்கையும் கடப்பது மட்டும்தான் வேலை.

ஒரே இடத்தில் இரண்டு இரவா என்று இளம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அந்த நடு நாளைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். மழை பிடித்தால் அந்த நாள் விழுங்கிக்கொள்ளும். ஒருவருக்குக் கை வீங்கினால் ஓய்வு கிடைக்கும். ஒன்றும் நடக்காவிட்டால், பைகள் இல்லாத வள்ளத்தில் ஏரி முழுவதும் சுற்றலாம். வள்ளம் ஓட்டக் கற்றுக்கொள்வது அன்றைக்குத்தான். முதல் நாள் எல்லோரும் தண்ணீரை அடித்துக்கொண்டு போவார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், பின்னால் இருப்பவர் துடுப்பை இழுத்த பிறகு அதன் முகத்தைத் திருப்பி வெளிப்பக்கமாகச் சிறிது தள்ளப் பழகியிருப்பார். அந்தச் சிறு தள்ளல்தான் வள்ளத்தை நேராக வைத்திருக்கிறது. அதன் தடம் ஆங்கில எழுத்து ஜே மாதிரி இருக்கும் என்பதால் ஜே வீச்சு என்கிறார்கள். அது கை வந்த கணத்தில் வள்ளம் தள்ளாடுவதை விட்டுவிடும். முன்முனையில், அணியத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எத்தனையோ பேரின் முகத்தில் அந்தத் திரும்பிப் பார்ப்பைக் கண்டிருக்கிறேன்.

பதிவு பற்றி ஒரு குறிப்பு. அல்கோன்குவினில் நீங்கள் பதிவது ஏரியை. ஏரியில் எந்தத் தங்குமிடம் என்பது முந்தி வருகிறவருக்கு. கரையில் ஒரு மரத்தில் செம்மஞ்சள் நிறப் பலகை அடித்திருக்கும், அதுதான் அடையாளம். ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினை, நாங்கள் எங்கே போனாலும் இருபது பேராகத்தான் போவோம். அந்த எண்ணத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஆறு பேர், மூன்று வள்ளம். அதுவே நல்ல அளவு. பிற்பகல் மூன்று மணிக்குத் தங்குமிடம் பிடித்துவிட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மூன்றிலிருந்து பின்னோக்கி வந்தால், ஸ்காபரோவில் காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டியிருக்கும்.

எந்த மாதம்? மே மாதம் வேண்டாம். ஏரியின் பனிக்கட்டி உருகுவதே ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ கடிக்கும். காதின் பின்புறம், தலைமயிர் ஓரம், இரத்தம் வடிந்த பிறகுதான் தெரியும். அதன் பிறகு நுளம்பு. ஓகஸ்ட் பிற்பாதியில் இருந்து காடு எங்களுக்கு இடம் விடும். செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினம் கழிந்த வாரத்தில் கூட்டமும் இல்லை, ஈயும் இல்லை, நீரிலும் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனால் இரவில் குளிரும். ஐந்து பாகைக்கு இறங்குவது சாதாரணம்.

இனிச் சுமை. வள்ளம் கெவ்லராக இருக்கட்டும். ஏறத்தாழ இருபது கிலோ. வாடகை கூட, அந்தக் காசைத் தயங்காமல் கொடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். வள்ளத்தின் நடுவில் தோளுக்கு வளைத்துச் செதுக்கிய குறுக்குக் கட்டை இருக்கும். அதில் பஞ்சு மெத்தை வைத்ததா என்று கடையிலேயே பாருங்கள். ஒருவர் தூக்க மற்றவர் முனையைப் பிடித்துக் கொடுத்தால், கவிழ்த்து ஏற்றுவது பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஏற்றியவருக்கு முன்னால் தெரிவது தன் கால்களும் நாலு அடிப் பாதையும் மட்டும்தான். ஆகவே இன்னொருவர் முன்னே நடந்து, “கல்”, “சேறு”, “கிளை தாழ்வு” என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

நீண்ட காவுபாதைகள் சிலவற்றில், இரண்டு மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் குறுக்காக ஒரு தடி கட்டியிருப்பதைக் காண்பீர்கள். முதன்முறை கண்டபோது என்னவென்று விளங்கவில்லை. வள்ளத்தின் அணியத்தை அந்தத் தடியில் சாய்த்துவிட்டு, கீழே இறக்காமலே தோளை விடுவித்துக்கொள்ளலாம். நான் சாய்த்துவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தபோது, எங்கள் ஊர் ஒழுங்கை முடக்கில் நின்ற சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. சந்தைக்குப் போகிற பெண்கள் கடகத்தை உதவிக்கு ஆளில்லாமல் இறக்கவும் ஏற்றவும் தலையுயரத்தில் கட்டிய கல். அதைக் கட்டியவருக்கும் இந்தத் தடியைக் கட்டியவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது ஒன்றுதான்: சுமந்து வருகிறவருக்குக் குனிந்து நிமிர்வதுதான் பெரிய பாடு.

சாப்பாடு. இதில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காய்ந்த சாமானில் ருசியாகச் சமைக்கத் தெரிந்த சனம் நாங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ காய்ந்த உணவு போதும். மைசூர்ப் பருப்பு கால் மணி நேரத்தில் வெந்துவிடும், எரிபொருள் மிச்சம். பாசுமதி அரிசி எடுங்கள், குத்தரிசியை அவிக்க அடுப்புப் போதாது. காலையில் சத்துமா, சுடுதண்ணீரும் சர்க்கரையும். வழியில் கடிக்கப் பொரிவிளாங்காய். மாதக்கணக்கில் கெடாத அந்தப் பலகாரத்தை வழிப்பயணத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். முதல் இரவுக்கு இறைச்சிக் கறியை வீட்டிலேயே சமைத்து, கட்டியாக உறையவைத்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். மாலைக்குள் இளகிவிடும். ஒவ்வொரு வேளையையும் தனிப் பையில் போட்டு மேலே எழுதுங்கள். “செவ்வாய் இரவு” என்று எழுதிய பையை மழைக்குள் கையில் எடுக்கும்போது, எதையும் யோசிக்க வேண்டியிருக்காது.

இரண்டு விலக்கு. உட்காட்டுக்குள் தகர ரின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. அதனால் ரின் மீன் கிடையாது. மெத்தென்ற பொதியில் வரும் மீன் இருக்கிறது, அதை எடுங்கள். கருவாட்டை நீங்களாகவே விட்டுவிடுங்கள். கரடிக்கு மூக்கு நீளம். உண்மையில் கரடியைவிட உங்கள் சாப்பாட்டுக்கு அதிகம் சேதம் செய்வது கோடு போட்ட சின்ன அணிலும் எலியும்தான். எதுவானாலும் வழி ஒன்றே. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், மணமுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து நாலு மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீற்றராவது விலகித் தொங்கவிடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு இனிப்புக்கூட வேண்டாம். கயிறு எறிந்து கிளையில் விழுத்துவது பகலில் செய்கிற வேலை. இருட்டின பிறகு அது நடக்காது.

ஏரித் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அப்படியே குடிக்காதீர்கள். பீவர் முதலிய விலங்குகளின் கழிவால் பரவுகிற கிருமி ஒன்று வயிற்றை வாரக்கணக்கில் உலைத்துவிடும். ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும், அல்லது நல்ல வடிகட்டி.

உடுப்பு இரண்டு சோடி. ஒன்று நனைவதற்கு, ஒன்று நனையாமல் பையின் அடியில் இரவுக்கு. காலையில் குளிரக் குளிர ஈர உடுப்பை மறுபடி போட வேண்டிவரும், போடுங்கள். காய்ந்ததைத் தொடாதீர்கள். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் உடல் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். செருப்போடு காவுபாதையில் நடக்கவே வேண்டாம்.

இப்போது தண்ணீர். இதைப் பேசும்போது நான் கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஓர் ஏரியில் எங்கள் பிள்ளை ஒன்று போய்விட்டது என்ற செய்தி வந்தபடி இருக்கிறது. அந்தச் செத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். நீங்களும் போயிருப்பீர்கள். நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் அதில் உண்டு. ரொம் தொம்சன் ஏரி என்று சொன்னேன் அல்லவா, அது ஓர் ஓவியருடைய பெயர். கனடாவின் காடுகளையும் ஏரிகளையும் தீட்டியவர். கனூ லேக்கைச் சுற்றி வருடக்கணக்கில் வள்ளம் ஓட்டியவர். 1917 ஜூலை 8ஆம் திகதி அதே கனூ லேக்கில் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது. வயது 39. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை தீராத விவாதம். உங்கள் வள்ளம் அவருடைய நினைவுக் கல்லைத் தாண்டித்தான் போகும்.

லைஃப் ஜக்கெற் வள்ளத்தின் அடியில் கிடந்தால் அது பயன்படாது. உடம்பில் இருக்க வேண்டும், பூட்டு மாட்டியிருக்க வேண்டும், கரையில் ஏறும்வரை கழற்றக் கூடாது. மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் உடலுக்கு என்ன நடக்கிறது என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். அவர் சொல்லித் தருகிற கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. கடுங்குளிர் நீரில் விழுந்தால் மூச்சு இரைப்பதை அடக்க ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். அதை உங்களால் செய்ய முடியாது. ஜக்கெற்தான் செய்யும்.

வள்ளத்தில் சட்டப்படி இருக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பதினைந்து மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் கோப்பை, விசில், இருட்டினால் கைவிளக்கு. வாடகைக்குத் தருபவர்கள் பெரும்பாலும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தருவார்கள். திறந்து பார்த்து வாங்குங்கள்.

காற்று பிற்பகலில்தான் எழும். பெரிய ஏரியைக் காலையில் கடந்துவிடுங்கள். நடுவால் வெட்டிப் போகாமல் கரையைப் பிடித்துப் போங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை. அலை எழுந்தால் இருக்கையை விட்டு இறங்கி முழங்காலில் இருங்கள், வள்ளம் உடனே நிதானப்படும். பைகள் அடியில், நடுவில், பின்பக்கம் கடுகளவு பாரம் கூட. இடி கேட்டால் கரைக்கு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை நீரில் இறங்க வேண்டாம். அந்த நாள் முழுவதும் காற்று விடாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்பது அலைக்குத் தெரியாது. அதனால்தான் திரும்பி வந்த பிறகும் ஒரு நாள் லீவு மிச்சம் வைக்கச் சொல்கிறேன்.

போகுமுன்னர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்: எந்த வாசலால் நுழைகிறோம், எந்த இரவு எந்த ஏரி, வாகன இலக்கம், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் பொலிசைக் கூப்பிட வேண்டும். உள்ளே போனால் தொலைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை இப்போது வாடகைக்கே எடுக்கலாம். ஒரு குழுவுக்கு ஒன்று எடுங்கள்.

யாரைக் கூட்டிப் போவது என்பதைக் கடைசிக்கு வைத்தேன். அதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

நாலு வருடங்களுக்கு முன்னர் ஓர் அக்கா எங்களோடு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகள் வற்புறுத்திக் கூட்டி வந்தாள். கரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவுடன் இரண்டு பக்க விளிம்பையும் கையால் இறுகப் பிடித்தார். விரல்கள் வெளுத்துவிட்டன. நீச்சல் தெரியாத பயம் என்று நினைத்து நான் ஜக்கெற்றைப் பற்றி விளக்கினேன். அவர் தலையாட்டினார், விளிம்பை விடவில்லை. பாதி ஏரி போன பிறகுதான் சொன்னார்: “தம்பி, நான் வள்ளத்தில் கடைசியாய் ஏறினது கிளாலியில.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தரைவழி அடைபட்டுக் கிடந்தபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியே போகக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில்தான் கடக்க வேண்டியிருந்தது. விளக்கு இல்லை. கடற்படை சுட்ட இரவுகளும் உண்டு, திரும்பாத வள்ளங்களும் உண்டு. அப்படிக் கடந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் ஒரு பிழை விட்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் மருந்து என்ன, ஒவ்வாமை என்ன என்று கேட்டு எழுதியிருந்தேன். தண்ணீரில் கடைசியாக எப்போது இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னர், வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்கிறேன். சிலர் சொல்வார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள், அதுவும் பதில்தான். அப்படியானவர்களை முதலில் இங்கே ஸ்காபரோ ஓரத்தில் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் இடத்துச் சதுப்புக்குக் கூட்டிப் போவோம். பகல், நல்ல வெயில், கரை கைக்கெட்டும் தூரம். அரை மணி நேரம் போதும் என்றால் அரை மணி நேரம். இருட்டில் வள்ளத்தில் இருக்க நேராதபடி பயணத்தைக் குறுக்குவோம். கூட்டத்தில் யார் ஆகப் பயந்தவரோ, யார் ஆக மெதுவானவரோ, அவருடைய அளவுக்குத்தான் அந்த நாளின் தூரம்.

கழிப்பறையைப் பற்றியும் அந்தத் தேத்தண்ணிப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். தங்குமிடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு மரப்பெட்டி, மேலே மூடி. சுவர் கிடையாது, கூரை கிடையாது. அங்கே போய்க் கண்டு திகைப்பதைவிட, முதலே தெரிந்தால் ஒரு சீலைத் துணியும் கயிறும் கொண்டுவந்து மறைப்புக் கட்டிக்கொள்வார்கள். அந்த அக்காவும் மகளும் கட்டிய மறைப்பு, குழுவிலேயே அழகானது.

அந்தப் பயணத்தின் இரண்டாம் நாள் இரவில் லூன் கூவியது. எங்கள் ஒரு டொலர் குற்றியில் இருக்கிற பறவை. நீண்டு எழுந்து நடுவில் உடைகிற குரல், முதன்முறை கேட்பவருக்கு யாரோ அழுவது போலத்தான் இருக்கும். கூடாரத்துக்குள் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். பறவைதான் என்று சொன்ன பிறகும் படுக்கவில்லையாம். கூடாரத்தின் சிப்பைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் காலை, வள்ளத்தில் ஏற்றும்போது நடுவில் அவருக்காக விரித்திருந்த மெத்தையைத் தாண்டிப் போய் அணியத்தில் உட்கார்ந்தார். மகளிடம் துடுப்பைக் கேட்டார். ரீப்பி ஏரி வரை அவர்தான் வலித்தார். வீச்சு சரியில்லை, நாங்கள் திருத்தவுமில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பதிவு திறக்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. ஆறு பேர், மூன்று இரவு, ஒரே காவுபாதை, 295 மீற்றர். வர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கிற தாளில் பெயர் எழுதுங்கள். நான் தேத்தண்ணி குடிக்க வருவேன்.

பின்பக்கத்துப் புல்தரையில் இரண்டு வள்ளங்கள் வைத்திருக்கிறோம், ஒன்று கெவ்லர், ஒன்று அலுமினியம். புல் ஈரமாக இருக்கிறது, சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வேலி வரை போய்த் திரும்பி வந்தால் சரியாக நூறு மீற்றர், நான் அளந்துவிட்டேன். முதலில் அலுமினியத்தைக் காவுங்கள், பிறகு மற்றதை. யார் முதலில்?